தேர் திரும்பாத தெரு

சத்தியமாகச் சொல்கிறேன், தலையில் அடித்துச் சொல்கிறேன், தாமிரபரணித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சொல் என்றாலும் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து மடியில் விழட்டும். நல்லணைந்தபேரியில், தை முடிந்து மாசி பிறந்த ஒரு காலையிலிருந்து, எந்தத் தெருவும் எந்த மனுஷனையும் ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்று ஆகிப்போனது. ஏன் ஆனது என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு மழை மேட்டுவயலில் பெய்துவிட்டுப் பக்கத்துப் பள்ளவயலை ஏன் விட்டுவிட்டுப் போகிறது என்று யாருக்குத் தெரியும், அதுபோலத்தான் இதுவும்.

முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர். தெற்குரதவீதியில் பால் ஊற்றி முடித்துவிட்டு, உழக்கை ஒரு வீட்டு வாசற்படியில் மறந்து வைத்துவிட்டு, எடுக்கத் திரும்பி நடந்தார். நடந்தார், நடந்தார், தெரு நீண்டுகொண்டே போனது, கோலம் போடுகிற பெண்கள் குனிந்தபடியே அவரைத் தாண்டிப் பின்னால் போவதுபோல இருந்தது, கடைசியில் பார்த்தால் கிளம்பிய தெருமுக்கிலேயே நின்றுகொண்டிருந்தார், காதில் வண்டு ஒன்று ரீங்காரமிட்டது, குனிந்து பார்த்தால் இடது காலில் வலது செருப்பும் வலது காலில் இடது செருப்பும் கிடந்தன. "எவம்ல என் செருப்ப மாத்துனது?" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் ஊர் முழித்தது.

சூரியன் உதித்தால் கணக்குப் புதுசு, அடுத்த உதயம்வரை ஒரு ஆளுக்கு ஒரு தெரு ஒரே தடவை. மாட்டுக்கும் அப்படித்தான், மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான், டவுன் பஸ்ஸுக்கும் அப்படித்தான். ஊர் இதற்கு ஒத்தநடை என்று பேர் வைத்தது. பேர் வைத்துவிட்டால் அப்புறம் பழகிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? டவுன் பஸ் வந்த வழியே திரும்பாமல் ஊரைச் சுற்றிப் போகப் பழகியது, கோபத்தில் வீட்டை விட்டு வெளியேறிய புருஷன்மார்கள் நாலு தெருவைச் சுற்றித்தான் வீட்டுக்கு வரமுடியும் என்பதால் வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிப்போய்ப் பசியோடு வந்தார்கள், குடை மறந்தவன் நனைந்தான், கடையில் உப்பு மறந்தவள் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டாள், காதலிக்கிற பெண் இருக்கிற தெருவில் பத்துத் தடவை நடக்கிற பயல்கள் ஒரே தடவை நடந்தாக வேண்டியிருந்ததால் அந்த ஒரு தடவையை ஆமை மாதிரி நடந்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்பில் ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போய், சாலைகள் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக்கொடுத்துவிட்டார். எல்லாரும் நடந்துகொண்டே இருந்தார்கள். நின்றால் எங்கே நின்றோம் என்று மறந்துவிடுமோ, எந்தத் தெரு முடிந்தது எந்தத் தெரு மிச்சம் என்று தப்பிவிடுமோ என்ற பதைப்பில், பேசும்போதும் நடந்தார்கள், டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே அழுதார்கள்.

இப்படி ஊருக்கே கால் பரபரக்கத் தொடங்குவதற்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே கால் பரபரத்த ஒரு பிள்ளை அங்கே இருந்தாள். பேர் முப்பிடாதி. கீழத்தெருப் பிள்ளை, அப்பன் இல்லை, அம்மை பிரமு பீடி சுற்றி வளர்த்தாள். ஊர் எல்லையில் இருக்கிற பல்கலைக்கழகத்தில், அதன் பேரை நான் சொல்லமாட்டேன், எம்.எஸ்ஸி. கணக்கு கடைசி வருஷம். விருப்பப் பாடமாக அவள் எடுத்தது கிராஃப் தியரியும் அதன் பயன்பாடுகளும். தமிழில் கோட்டுருவியல் என்பார்கள். புள்ளியும் கோடும், அவ்வளவுதான், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இருக்கிறது, கோடு கோடாகப் போனால் எங்கே போய்ச் சேரலாம், எந்தக் கோட்டை அறுத்தால் எது தனியாகிப் போகும் என்பதுதான் படிப்பே. அவளுக்கு உட்கார்ந்து படிக்க வராது. பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே நிரூபிப்பாள். "ஏ, உக்காரும்மா, எனக்குத் தலை சுத்துது," என்பார் பேராசிரியர் ஞானதுரை. இன்னொரு பிடிவாதமும் உண்டு அவளுக்கு. மற்ற பிள்ளைகள் நிரூபணத்தில் வழி தெரியாத இடம் வந்தால் 'இது தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார்கள், மார்க்கும் வாங்குவார்கள். முப்பிடாதி அந்த இடத்தில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவாள்.

கணிதத் துறை அதுவரை கேண்டீனுக்குப் பின்னால், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி, யாரும் எட்டிப்பார்க்காத இடத்தில் கிடந்தது. ஒத்தநடை வந்தபிறகு ஊரே அங்கே வந்து நின்றது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, வேலை முடித்து, போன தெருவில் திரும்பாமல் சாயங்காலம் வீட்டுக்கே வந்து சேருகிற சுற்று ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டியிருந்தது. ஞானதுரை துறையின் பெரிய அறையில் நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் ஊரையே வரைந்தார், முக்குகள் புள்ளி, தெருக்கள் கோடு. பிள்ளைகள் அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்து வழி கண்டுபிடித்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. கணக்கு வாத்தியாருக்கு முதல்முறையாக யாரோ முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோயிலைச் சுற்றிய நாலு ரதவீதிக்காரர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வட்டம்தானே, இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வந்துவிடலாம். கஷ்டமெல்லாம் கீழத்தெருவுக்குத்தான். ஒரு காலத்தில் அது கீழரதவீதியிலிருந்து பஸ்ரோடுவரை நேராக ஓடிய அகலமான ஒரே தெரு. பெரியவீட்டு உலகநாதனின் அப்பா காலத்தில் நடுவே குறுக்காக ஒரு சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் கோயிலோடு சேர்ந்த பாதிக்குப் பெரியவீட்டு வீதி என்று பேர் வந்தது, அங்கே ஆள் நுழைகிற அளவுக்கு வடக்கே ஒரு தோட்டத்து வாசலும் உண்டு, இந்தப் பக்கம் முட்டுச்சந்தாக நின்ற பாதிக்குக் கீழத்தெரு என்ற பழைய பேரே தங்கியது. சுவர் எதற்கென்று கேட்டால், கீழத்தெரு ஆடுகள் வராமலிருக்க என்பார்கள். ஆளுயரத்துக்கும் மேலே ஒரு முழம், உச்சியில் கண்ணாடிச்சில்லு. எந்த ஆடு அப்படித் தாண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

முட்டுச்சந்தில் இருக்கிறவன் காலையில் வெளியே போனால் அன்றைக்குத் திரும்ப முடியாது. ஆகவே கீழத்தெரு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் தூங்கியது. வேலைக்குப் போகிற ஆண்கள் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்தார்கள். முப்பிடாதி ஒரு ராத்திரி வீட்டிலும் அடுத்த ராத்திரி ஞானதுரை வீட்டு வாசலறையிலுமாகப் படுத்தாள். பேராசிரியர் சம்சாரம் தங்கமான மனுஷி, பாயும் போர்வையும் கொடுத்தாள், ஆனால் அம்மை பிரமுவுக்கு வயிற்றில் நெருப்பு. "வயசுப்பிள்ளையை வெளிய படுக்கப்போட்டுட்டு நான் இங்க பீடி சுத்துதேன். வெளங்குமாட்டி இது?" என்பாள், கையிலிருக்கிற கத்தரி பீடி இலையை வெட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் முப்பிடாதி துறைக்குப் போனபோது தரையில் கீழத்தெருவைக் காணோம். ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

"சார், எங்க தெருவ அழிச்சிட்டிய."

"அழிக்கலம்மா, நீக்கியிருக்கேன்," என்றார் ஞானதுரை. "ஒரே ஒரு கோடு வந்து தொடுத புள்ளி தொங்கல் முனை. அதுல போற சுத்துன்னு எதுவும் கிடையாது. மொதல்ல அதையெல்லாம் நீக்கிட்டா மிச்ச கணக்கு லேசாயிரும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். ஆனா அங்க மனுஷங்க இருக்காவ."

"புள்ளிக்குள்ள யார் இருக்காவன்னு தியரி கேக்காதும்மா," என்றவர், சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டார். நல்ல மனுஷர், சொன்னது அவருக்கே உறைத்தது. அவளைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் உளுந்தவடை வாங்கிக்கொடுத்தார். அவள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், கடைசிவரை கடிக்கவில்லை.

கணக்கில் சொன்னது ஊர்க்கமிட்டிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? கமிட்டித் தலைவர் உலகநாதன் பெரியவீட்டுக்காரர், வெள்ளை வேட்டி, சந்தனம், யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர். கீழத்தெரு ஆண்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது, முதலில் தொங்கல் முனையை நீக்கணும் என்று. ஏரிக்கு அந்தப் பக்கம் கள்ளிப்பொட்டலில் ஆளுக்கு ஒரு மனை அளந்தாகிவிட்டது. பங்குனித் தேர் முடிந்த மறுவாரம் எல்லாரும் அங்கே போய்விடலாம், தீர்மானம் போட்டாகிவிட்டது.

"உங்க நன்மைக்குத்தாம்ப்பா. பொம்பளப்பிள்ளைய வெளிய படுத்துக் கெடக்கே, பாக்க எனக்கே கஷ்டமா இருக்கு."

முப்பிடாதியின் தாய்மாமன் மாசானம் எழுந்தார். கொத்தனார், அம்மன் கோயில் சாமியாடி, வாய் கொஞ்சம் நீளம். "அதுக்கு எதுக்கு மொதலாளி பொட்டலுக்குப் போகணும்? சுவத்துல ஒரு வாசல் வெட்டினாப் போச்சு. அரைநாள் வேலை. நானே வெட்டுதேன், கூலி வேண்டாம்."

"எந்தச் சுவரு?" என்றார் உலகநாதன் உண்மையாகவே குழம்பினவர்போல. "ஓ, அதுவா. அது சுவராடே? ஆட்டுக்கு வச்ச தடுப்பு."

கள்ளிப்பொட்டலில் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, பஸ் கிடையாது. முப்பிடாதி அன்றிலிருந்து தூங்கவில்லை. படுத்தால் கால் தானாக நடக்கும், பாய் ஓரம் கிழிந்துபோனது. தீர்மானத்தை எப்படி மாற்றுவது என்று எந்தப் பக்கம் கோடு போட்டாலும் அது சுவரில் போய் முட்டியது.

இந்த நேரத்தில்தான் கீழத்தெரு அம்மன்கோயிலில் கொடைத் திருவிழா வந்தது. உச்சிக்கொடை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், மாசானத்தின்மேல் அம்மன் இறங்கியது. இறங்கிய வேகத்தில், வேப்பிலையும் கையுமாக, சலங்கை குலுங்க, பஸ்ரோட்டுக் குழாயில் தண்ணீர் எடுக்க ஓடியது. எடுத்துக்கொண்டு திரும்பினால் தெரு விடவில்லை. மூன்று தடவை ஆவேசமாக ஓடி வந்து மூன்று தடவையும் தெருமுனைப் பாலத்திலேயே போய் நின்றது. காலைக் குனிந்து பார்த்தால் இடதுகால் சலங்கை வலதுகாலில் கிடந்தது. அப்புறம் அம்மன் என்ன செய்யும் பாவம்? பாலக்கட்டையில் உட்கார்ந்தது. மறுநாள் சூரியன் உதிக்கிறவரை மாசானத்தைவிட்டு இறங்கவும் முடியாமல், கோயிலுக்குப் போகவும் முடியாமல், அங்கேயே உட்கார்ந்து, போகிற பஸ்ஸுக்கெல்லாம் குறி சொல்லிக்கொண்டும், "ஏட்டி, ஒரு கலரு வாங்கிக் குடுங்கட்டி, தொண்டை வறளுது," என்று கேட்டுக்கொண்டும் இருந்தது. கீழத்தெரு சிரிக்கவும் செய்தது, அழவும் செய்தது. சாமிக்கும் ஒத்தநடை உண்டு என்று அவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது. ரதவீதிக்குத் தெரியாது, கீழத்தெருவில் நடந்ததை அங்கே யார் கேட்டார்கள்?

பங்குனி நெருங்கியது. தேர் விஷயம் கணிதத் துறைக்கு வந்தது. நாலு ரதவீதியும் சுற்றிவருகிற தேர், கீழரதவீதியில் வரும்போது பெரியவீட்டு வீதிக்குள் திரும்பி, உலகநாதன் வீட்டு வாசலில் நின்று, அவர் வீட்டு மண்டகப்படி மரியாதையை ஏற்றுக்கொண்டு, பின்பக்கமாக இழுக்கப்பட்டு மறுபடி ரதவீதிக்கு வந்து நிலைக்குப் போவது தலைமுறை வழக்கம். உலகநாதனே நேரில் வந்தார்.

ஞானதுரை கையைக் கழுவிக்கொண்டார். "அண்ணாச்சி, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். தேர் விஷயத்துல நான் வாயக் குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலைய உருட்டிருவாவ. இந்தப் பிள்ளைய கேளுங்க. கணக்குல கெட்டி."

உலகநாதன் முப்பிடாதியைப் பார்த்தார். எந்தத் தெருப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு கணக்குதானே.

"ஏம்மா, தேர் எப்பமும்போல எங்க வாசலுக்கு வரலாம்லா?"

முப்பிடாதி நடப்பதை நிறுத்தினாள். அவள் நின்று ஞானதுரை அதுவரை பார்த்ததில்லை.

"வரலாம்," என்றாள்.

"வடம் இழுக்குத ஆளுவளுக்கு ஒத்தநடை இடிக்குமே?"

"உள்ள இழுத்துட்டு வாரவக உங்க தோட்டத்து வாசல் வழியா வடக்க வெளியேறிரலாம். பின்னால இழுக்கதுக்கு வேற ஆளுக ரதவீதியிலயே நிக்கட்டும். நீள வடமாக் கட்டுனா வீதிக்குள்ள கால் வைக்காமலே இழுத்துரலாம்."

"பாத்தீரா வே பிள்ளைக்கு மூளைய!" என்றார் உலகநாதன் ஞானதுரையிடம், மகிழ்ந்துபோய். ஆளுக்குக் கேட்டார், வடத்துக்குக் கேட்டார், மாட்டுக்குக்கூடக் கேட்டார். தேருக்குக் கேட்கவில்லை. சாமிக்கு ஏது கணக்கு என்று அவர் மனசில் கேள்வியே எழவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அவ்வளவு கவனமாக அவள் வாழ்க்கையில் எந்த விடையும் எழுதியதில்லை. உள்ளே வந்த தேர் திரும்பாது. பொழுது சாய்வதற்குள் நிலைக்குப் போயாக வேண்டிய தேர் அங்கேயே நிற்க முடியாது. முன்னால் போக ஒரே வழிதான் இருக்கிறது, அதில் ஒரு சுவர் இருக்கிறது.

தேர்நாள் காலை வந்தது. முப்பிடாதி குளித்து, புதுப்பாவாடை தாவணியில் தெருமுனைவரை போனாள். பல்கலைக்கழக அடையாள அட்டையை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது, அது இல்லாமல் கமிட்டிக்காரர்கள் தேரைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் விடமாட்டார்கள். யோசிக்காமல் திரும்பினாள், வீட்டுக்குள் போனாள், அம்மை புறவாசலில் குளித்துக்கொண்டிருந்தாள், அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள், மறுபடி தெருமுனைப் பாலத்துக்கு வந்தாள். அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தாள். இடது செருப்பு இடது காலில் இருந்தது. வலது செருப்பு வலது காலில் இருந்தது. காதில் வண்டு இல்லை.

ஒத்தநடை போய்விட்டது. வந்தபோது சொல்லாமல் வந்ததுபோலப் போகும்போதும் சொல்லாமல் போய்விட்டது. சுற்றிப் பார்த்தாள். பஸ்ரோட்டில் ஊரே போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் முன்னால் மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி நடக்கிற பழக்கமே விட்டுப்போன ஊரில் யாருக்கு இது தெரியும்? அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஒத்தநடை போனாலும் தீர்மானம் போகாது. அளந்த பொட்டல் அளந்ததுதான், உலகநாதன் ஒரு தடவை தீர்த்ததை மாற்றினவரில்லை. தேர் உள்ளே வரும், வழக்கம்போலப் பின்னால் இழுப்பார்கள், வழக்கம்போலத் திரும்பிப் போகும், அடுத்த வாரம் கீழத்தெரு சட்டிபானையோடு ஏரியைச் சுற்றி நடக்கும். அவள் அந்தப் பாலத்தில் முன்னும் பின்னுமாக எத்தனை தடவை நடந்தாளோ, பாலத்துத் தரையே தேய்ந்திருக்கும்.

தேர் வந்தது. வெயில் ஏறி, கொட்டும் நாகஸ்வரமும் முன்னால், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பக்கவாட்டில், அரண்மனை ஒன்று நடந்துவருவதுபோல ஆடி ஆடிக் கீழரதவீதியில் வந்து, பெரியவீட்டு வீதிக்குள் மூக்கைத் திருப்பி, உலகநாதன் வாசலில் நின்றது. அவர் பட்டும் மாலையும் கொடுத்தார், பரிவட்டம் கட்டிக்கொண்டார், கண்ணில் நீர் தளும்பியது. உள்ளே இழுத்து வந்தவர்கள் வடத்தைப் போட்டார்கள். பின்னால், ரதவீதியில் நிற்கிற கூட்டம் நீளவடத்தைக் கையில் எடுத்தது. "ஏய், பிடிங்கடே!" என்று ஒரு குரல் கேட்டது.

"நில்லுங்க!" என்றாள் முப்பிடாதி.

தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. "இழுத்தா தேர் திரும்பாது. இந்த வீதிய அது நடந்து முடிச்சிட்டு."

கொட்டு நின்றது. உலகநாதன் நிதானமாக வந்தார். "நீதானம்மா வரலாம்னு சொன்ன?"

"வரலாம்னுதான் சொன்னேன். வந்திருக்குல்லா மொதலாளி."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். உலகநாதனின் முகத்தில் அவர் கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோவது தெரிந்தது. முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "சாமிக்கு ஏதுட்டி ஒத்தநடை?"

"உண்டு மொதலாளி," என்று மாசானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உலகநாதன் தோட்டத்து வழியாக வந்திருந்தார், உள்ளே விட்டது யார் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. "எங்க அம்மன் பாலக்கட்டையில ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தா. பஸ்காரன் பூராப் பேரும் பாத்தான். கலரு வாங்கிக் குடுத்த கடைக்காரன் இந்தா நிக்கான், கேளுங்க. அவ காலுச் சலங்கை மாறிக் கெடந்துச்சு. எங்க சாமி சின்னச் சாமி, சலங்கையோட போச்சு. இது பெரிய சாமி."

கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"இழுத்துத்தான் பாத்தா என்ன?" என்றான் பின்வடக்காரன் ஒருவன்.

எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். ஞானதுரையும் பார்த்தார், கூட்டத்தின் ஓரத்தில், வியர்த்துப்போய். அவள் மனசுக்குள் காலையில் பாலத்தில் நின்ற இரண்டு கால்களும் சரியான செருப்போடு தெரிந்தன.

"இழுங்க," என்றாள். "மனுஷன் திரும்புனா செருப்பு மாறுது. தேர் திரும்புனா எது மாறும்? இடது சக்கரம் வலது பக்கமும், அச்சு மேலயும் கலசம் கீழயும் வந்து நின்னா, உள்ள இருக்குத சாமியும் பட்டரும் எங்க இருப்பாவன்னு நினைச்சுப் பாத்துட்டு இழுங்க. திரும்பாது. தெளிவாத் தெரியுது."

தேருக்குள்ளிருந்து பட்டரின் தலை வெளியே வந்தது. "வடத்தைக் கீழே போடுங்கோடா!" என்று கத்தினார். வடம் கீழே விழுந்தது, பாம்பைத் தொட்டவர்கள்போலக் கையை உதறினார்கள். பட்டருக்கு உயிர்பயம் ஒரு பக்கம், பொழுது இறங்குவதற்குள் சாமி நிலைக்கு வந்தாகவேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். நேராகச் சுவரைக் கை காட்டினார். "அதுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

கூட்டம் உலகநாதனைப் பார்த்தது. எல்லாருக்கும் தெரியும்.

"கீழத்தெரு," என்றாள் முப்பிடாதி. "அது பஸ்ரோட்டுல போய்ச் சேருது. பஸ்ரோடு தேரடியில."

"சுவத்த இடிக்கணும்னா..." என்று தொடங்கிய உலகநாதன் தேரை நிமிர்ந்து பார்த்தார். அது அவர் வாசலை அடைத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குள் வெளிச்சமே போகாதபடி நின்றுகொண்டிருந்தது.

"எந்தச் சுவரு மொதலாளி?" என்றார் மாசானம், ரொம்ப மரியாதையாக. "ஆட்டுத் தடுப்புதான?"

அப்புறம் கடப்பாரை வந்தது. முதல் அடி யார் போடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பரிவட்டம் கட்டியிருக்கிறவர்தான் போடணும் என்று பட்டர் சொல்லிவிட்டார். உலகநாதன் அடித்த முதல் அடியில் சுண்ணாம்புதான் உதிர்ந்தது, இரண்டாவதில் ஒரு செங்கல் ஆடியது, அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் அடி விழத் தொடங்கியது. இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி, தாளம் சேராமல், கொட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் தவிலை எடுத்து இரண்டுக்கும் நடுவே அடித்துச் சேர்த்துவைத்தார். கடைசியில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தபோது, அதில் முதலில் நுழைந்து வந்தது ஒரு ஆடு. தாடியில் சுண்ணாம்போடு உலகநாதனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்த மண்டகப்படி மாலையில் ஒரு ரோஜாவைக் கடித்தது. ஊர் சிரித்தது பாருங்கள், அந்தச் சிரிப்பில் மிச்சச் சுவரில் பாதி விழுந்தது.

தேர் கீழத்தெருவுக்குள் போனது. கூரைகளின் ஓரம் கொஞ்சம் சிராய்த்தது, யாரும் வருத்தப்படவில்லை. வடம் நீண்டு கிடந்தது. யார் யார் பிடித்தார்கள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை. பிரமு பீடிக்கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள். தன் வாசலைத் தாண்டும்போது சாமியை நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பக்கம் வர இவ்வளவு நாளாச்சாக்கும்," என்று ஒரு அதட்டுப் போட்டாள். முப்பிடாதி வடம் பிடிக்கவில்லை. காலையிலேயே அந்தத் தெருவை நடந்து முடித்தவள் மறுபடி அதில் நடக்கிறாள் என்று தேரைப் பார்த்த கூட்டத்தில் எவனும் கவனிக்கவில்லை. கூடவே, தேருக்கு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தாள், எந்த நிமிஷத்தில் எவன் திரும்பி நடந்து பார்த்துவிடுவானோ என்று ஒவ்வொருவன் காலையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்தது.

மறுநாள்தான் ஒரு எருமை தான் வந்த வழியே சாவகாசமாகத் திரும்பி நடந்தது, அதைப் பார்த்துப் பால்காரர் நடந்தார், பால்காரரைப் பார்த்து ஊர் நடந்தது. ஒத்தநடை போய்விட்டது! ஏன் போனது என்று ஊருக்குச் சந்தேகமே இல்லை: தேர் பழைய தெருவில் முழுசாகப் போனது, சாமி மனசு குளிர்ந்தது, சுவர் விழுந்தது, தோஷம் விலகியது. பட்டர் அப்படித்தான் சொன்னார். தேர் போன தெருவை ஊருக்கு வெளியே அனுப்புவது நடக்கிற காரியமா? தீர்மானத்தைப் பற்றிக் கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. உலகநாதன் ஒரு தடவை சுவர் என்று ஆரம்பித்தார். மறுபடி செருப்பு மாறணுமா என்று எல்லாரும் காலைக் குனிந்து பார்த்தார்கள். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சித்திரையில் வாய்மொழித் தேர்வு. முப்பிடாதி உட்காராமல் நடந்துகொண்டே பதில் சொன்னாள், எல்லாவற்றுக்கும் சொன்னாள். வெளியூர்ப் பரிசோதகர் எழுந்து போனபிறகு ஞானதுரை கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"மார்க்குக்கு இல்லம்மா, எனக்காகக் கேக்கேன். அன்னைக்கு இழுத்திருந்தா தேர் திரும்பியிருக்குமா?"

முப்பிடாதி ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். "யாரும் இழுத்துப் பாக்கலியே சார்."

ஞானதுரை பேனாவைத் திறந்து மார்க்கைப் போட்டார், எவ்வளவு என்று கேட்காதீர்கள், கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்.

அந்த அட்டை எடுக்கப்போன காரியத்தை அவள் அம்மையிடம்கூடச் சொல்லவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள், பாருங்கள், நன்றாகப் பாருங்கள். கதையை நாலு பேரிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சுவிடாதீர்கள். உலகநாதன் இப்போதும் நல்ல திடமாகத்தான் இருக்கிறார், இடித்த சுவரின் செங்கல்லைச் சுண்ணாம்பு சுரண்டி, தோட்டத்தில் வரிசையாக அடுக்கி, மழை படாமல் மேலே தகரம் போட்டு வைத்திருக்கிறார்.